ஒரு சிம் கார்டு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் ஜாலான் சீலாங் பக்கம் போனால் மியன்மார் எழுத்தில் பலகை வைத்த கடைகளில் நிற்க இடமிருக்காது. போனுக்கு ரீலோட் (ரீசார்ஜ்) வாங்குவதும் ஊருக்குப் பணம் அனுப்புவதும்தான் பாதிக் கூட்டம். "இவனுங்க எந்நேரமும் போன்லயே இருக்கானுங்க" என்று நம்மவர்கள் சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

2000களின் தொடக்கத்தில் மியன்மாரில் ஒரு சிம் கார்டு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். சிம் மட்டும்தான், போன் தனி! ராணுவ ஆட்சி அப்படியே வைத்திருந்தது. 2013இல் நார்வேயின் டெலினோர், கத்தாரின் ஊரிடூ என்ற இரண்டு தொலைபேசி நிறுவனங்களுக்கு அங்கே உரிமம் கிடைத்தது. 2014இல் சிம் 1,500 சாட்டுக்கு (அந்நாட்டுப் பணம்), அதாவது சுமார் ஒன்றரை டாலருக்கு இறங்கியது. வீட்டில் கம்பித் தொலைபேசியே பார்க்காதவர்கள் நேராக ஸ்மார்ட்போனுக்குத் தாவினார்கள். அவர்களில் பலருக்கு இணையம் என்றாலே முகநூல்தான்.

அப்புறம் 2021 பிப்ரவரி. ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த அன்று விடியற்காலையிலேயே தொலைபேசியும் இணையமும் அறுந்தன. சில நாளில் முகநூலுக்கும் தடை. மறு ஆண்டு புதிய சிம்முக்கு 20,000 சாட் வரி. விலை குறைந்தால் எல்லார் கைக்கும் இணையம் வந்துவிடும் என்று பேசுகிறவர்கள், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

சரி, ஓர் உதவி. பக்கத்துக் கடை மியன்மார் தம்பிக்கு அம்மாவோடு பேச லைன் சரியாகக் கிடைப்பதில்லை. குறைந்த டேட்டாவில் ஓடும் செயலி தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.