அக்கரை

ஜனவரி 2

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரம் தாமதம். பனி. அப்பா இறங்கும்போது கையில் மஞ்சப் பை, தலையில் குரங்குக் குல்லா, காலில் ரப்பர் செருப்பு. ஸ்வெட்டர் பைக்குள்ளேயே மடித்தபடி இருந்தது. "டில்லி வந்தப்புறம் போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார், பற்கள் தந்தியடிக்க.

முனிர்காவில் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 58 படி. 31-ல் நின்றார்.

ஜனவரி 4

டோக்கன் 212. கூப்பிட்டது 140 வரை.

ஜனவரி 5

நாலரைக்கே போய் நின்றதால் டோக்கன் 61. டாக்டர் ஃபைலைப் புரட்டினார், அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இந்தியில் என்னிடம் பேசினார். அப்பாவுக்கு இந்தி வராது. வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் நாலு டெஸ்ட் எடுக்கணுமாம் என்றேன். அது பொய் இல்லை. நாலு டெஸ்ட்தான்.

ஜனவரி 6

இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. ஹீட்டரில் ஒரு ராடுதான் எரிகிறது. பதினோரு மணிக்குப் பழைய பிஎஸ்4 வீடியோகேம் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, சத்தத்தைக் குறைத்து ஆட உட்கார்ந்தேன். ஷேடோ ஆஃப் தி கொலாசஸ். 2005-ல் பிஎஸ்2-வில் வந்தபோது பாண்டிச்சேரியில் நண்பன் அறையில் ஆடியது. 2018-ல் புதுசாகச் செய்து விட்டார்கள், அதை வாங்கி வைத்திருந்தேன். முழுக்க மனப்பாடம். அதனால்தான் ஆடுகிறேன். புதுசாக ஒன்று நடப்பதைத் தாங்கும் நிலைமையில் நான் இல்லை.

அப்பா ரஜாயைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு பார்த்தார். நீளமான ஒரு பாலம். கறுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் புள்ளி. மேலே ஒரு பையன். அவன் முன்னால் துணியில் சுற்றிய ஒரு பெண்.

"செத்துட்டாளா?"

"ஆமா."

"உசுரு வரணுமாக்கும்."

"பதினாறு பூதம் இருக்குப்பா. எல்லாத்தையும் கொன்னா வரலாம்னு கோயில்ல ஒரு குரல் சொல்லுது."

"யாரு, சாமியா?"

"அது தெரியாது."

"தெரியாமயே கத்திய எடுத்துக்கினு கிளம்பிட்டான்."

ஒரு பட்டனை அழுத்தினால் பையன் 'அக்ரோ!' என்று கத்துவான், குதிரை எங்கிருந்தாலும் ஓடி வரும். அப்பா காதில் அது 'அக்கரை' என்று விழுந்திருக்கிறது. "அக்கரை. குதிரைக்கு நல்ல பேரு" என்றார். திருத்தவில்லை.

முதல் பூதம் விழுவதற்குள் தூங்கிவிட்டார். குறட்டை பழைய குறட்டை இல்லை. நடுநடுவே விட்டு விட்டு வருகிறது. விடும்போதெல்லாம் நான் பாஸ் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

ஜனவரி 7

அக்கா போன். "சொல்லிட்டியா?" இல்லை என்றேன். எதைச் சொல்வது என்று அவளும் சொல்லவில்லை.

ஜனவரி 8

மூன்று பூதங்கள். அப்பா இப்போது எட்டரைக்கே ரிமோட்டைத் தேடுகிறார், சாதாரண டிவி என்று நினைத்து.

கத்தியை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒளி சிதறும். பூதம் இருக்கும் பக்கம் திருப்பினால் ஒரே கோடாகக் குவியும். நிழலில் பலிக்காது. இது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்த ஊர்ல இவன் வந்தா வழியே கண்டுபிடிக்க மாட்டான்" என்று ஜன்னலைக் காட்டினார். சூரியன் நாலு நாளாக ஒரு பழைய ஐந்து ரூபாய்க் காசு மாதிரி இருக்கிறது.

குதிரை சொன்னதையெல்லாம் உடனே கேட்காது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், நிஜக் குதிரையும் அப்படித்தான் என்று. பள்ளத்தின் ஓரத்தில் குறுகலான வழி வரும்போது நான் ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிச் சண்டை போட்டேன். அப்பா பொறுமை இழந்து, "கயித்த விடுடா. அதுக்கு வழி தெரியும்" என்றார். விட்டேன். வளைவெல்லாம் தானாகத் திரும்பி ஓடியது. இத்தனை வருஷம் ஆடியும் இந்தப் பள்ளத்தில் நான் கையை விட்டதே இல்லை.

செஞ்சி சந்தையிலிருந்து ராத்திரி திரும்பும்போது வண்டிக்காரன் தூங்கிவிடுவானாம், மாடு வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்துமாம். சொல்லிக்கொண்டே அவரும் தூங்கினார்.

ஜனவரி 9

ஸ்கேனுக்கு 23-ம் தேதி. அதற்கு முன்னால் இடமே இல்லையாம்.

படி 26.

ஜனவரி 10

கரன்ட் இல்லை. இருட்டில் அப்பா தேசிங்கு கதை சொன்னார். "டில்லிக்கு வந்த செஞ்சிக்காரன் அவன்தான் முதல்ல. அப்புறம் நீ" என்று ஆரம்பித்தார். கூத்தில் பார்த்த கதை. டில்லி பாதுஷாவிடம் யாராலும் ஏற முடியாத ஒரு குதிரை, பேர் பாராசாரி. தேசிங்கின் அப்பாவைக் கூப்பிட்டு ஏறச் சொன்னான், முடியவில்லை, பிடித்து உள்ளே போட்டுவிட்டான். பையன் செஞ்சியிலிருந்து தேடிக்கொண்டு வந்து, குதிரையை அடக்கி, அப்பாவையும் மீட்டு, குதிரையையும் ஓட்டிக்கொண்டு போனான்.

நான் போன் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தேன். சரித்திரத்தில் பேர் தேஜ் சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714-ல் சண்டையில் செத்தான். 22 வயசு. அப்பாவிடம் படித்துக் காட்டினால், "அதெல்லாம் இங்கிலீஷ்காரன் எழுதினது" என்று கையை வீசிவிட்டார்.

சண்டைக்குப் போகும் முன் சிங்கவரம் மலைக்குப் போய் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டானாம். பெருமாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் அப்படியேதான் படுத்திருக்கிறார். சின்ன வயசில் அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போய்க் காட்டியிருக்கிறார்.

"நம்ம டாக்டர் மாதிரி" என்றார் அப்பா. அப்புறம் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கரன்ட் வந்தது.

ஜனவரி 11

நான்தான் மொழிபெயர்க்கிறேன். அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முகம் தெரியுமே.

ஜனவரி 12

பத்தாவது பூதம். மணலுக்குள் நீந்தி வரும் புழு. குதிரையை முழு வேகத்தில் விட்டுவிட்டு, பின்னால் திரும்பி அதன் கண்ணில் அம்பு விட வேண்டும். முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கவே கூடாது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "திரும்பாத, திரும்பாத, அக்கரை பாத்துக்கும்!" பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா சுவரைத் தட்டினார்கள்.

ஜெயித்ததும் ஒரு சந்தேகம் கேட்டார். "அது பாட்டுக்கு மண்ணுல கிடந்தது. இவன்தானே தேடிப் போய்க் குத்துறான்?" ஆமாம் என்றேன். "பையன் மூஞ்சி வேற ஒவ்வொரு தடவையும் கறுத்துக்கினே போவுது. கவனிச்சியா?" கவனித்திருக்கிறேன். முதல் தடவை ஆடியபோது பாதி தாண்டித்தான் கவனித்தேன்.

ஜனவரி 15

பொங்கல். குக்கரில்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கரும்பு வாங்கினேன். அப்பா ஒரு கணுவைக் கையிலேயே வைத்திருந்தார், கடிக்கவில்லை.

மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று அவர்தான் கேட்டார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். 'யாமிருக்க பயமேன்' என்று எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்தார். படி ஏறவில்லை. "இங்கேருந்தே தெரியறாரு" என்றார். கோபுரம்கூடப் பாதி பனியில் இருந்தது.

ஜனவரி 16

எனக்கு இன்று எதையும் எழுதப் பிடிக்கவில்லை. ஆபீசில் மறுபடி லீவு கேட்டேன். கொடுத்தார்கள், கொடுத்த விதம்தான்.

ஜனவரி 17

தை பிறந்ததும் இங்கே கல்யாணம் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி கீழே பேண்டு சத்தம். ரஜாயோடு அப்பாவை பால்கனிக்கு நகர்த்தினேன். ஜெனரேட்டர், தலையில் விளக்கு சுமக்கும் ஆட்கள், நடுவே வெள்ளைக் குதிரை, மேலே மாப்பிள்ளை, முகத்தில் பூச்சரம், இடுப்பில் கத்தி. சந்தில் திரும்ப இடமில்லாமல் ஒரு ஸ்கூட்டரை நாலு பேர் தூக்கி வைத்தார்கள். குதிரை அசையாமல் நின்றது. காதுக்குப் பக்கத்திலேயே ட்ரம்பெட். ஒரு காதை மட்டும் பின்னால் மடக்கியது, அவ்வளவுதான்.

"கத்திய ஏதோ குடை மாதிரி புடிச்சிருக்கான். பாராசாரியா இருந்தா இந்நேரம் குப்புறத் தள்ளியிருக்கும்."

சிரித்ததில் இருமல் வந்து, நிற்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆனாலும் சிரித்தார்.

ஜனவரி 18

பதினைந்தும் முடிந்தது. இனி ஒன்றுதான்.

ஜனவரி 19

விளையாடவில்லை. தலைவலி என்றேன்.

ஜனவரி 20

சும்மா சுற்றினேன். மரத்தில் பழத்தை அம்பால் அடித்து விழ வைத்தேன். வெள்ளை வால் பல்லிகளைத் தேடித் தேடி அடித்தேன், பிடி நழுவாமல் தொங்கத் தெம்பு கூடும். இது ஐம்பது மணி நேரம்கூட ஆடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பா கேட்டார். "இன்னா, டிரிப் அடிக்காம டிப்போவிலயே சுத்தினு இருக்க?" முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டர். அவரிடம் இந்த மாதிரி ஆள் நிறையப் பேர் மாட்டியிருப்பார்கள்.

ஜனவரி 21

அக்காவிடம் கத்திவிட்டேன். நீ வந்து சொல் என்று. போனை வைத்த பிறகு பார்த்தால் அப்பா பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. "சுடுதண்ணி வரல" என்றார்.

ஜனவரி 23

ஸ்கேன். இன்றைக்கென்று குடியரசு தின முழு ஒத்திகை. பாதி ரோடு அடைப்பு. நாற்பது நிமிஷம் ஆட்டோவிலேயே. ஆட்டோக்காரர் போலீஸைத் திட்டினார், நான் ஆட்டோக்காரரைத் திட்டினேன். அப்பாவுக்கு ஒரே கவலை, இந்தப் பக்கம் குதிரைப் படை வருமா. வரவில்லை.

விராட்டைப் பற்றிச் சொன்னேன். ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக் குதிரை, 13 அணிவகுப்புகள், 2022 குடியரசு தினத்தன்று ஓய்வு கொடுத்தார்கள். ஜனாதிபதியும் பிரதமரும் தடவிக் கொடுத்தார்கள். "ரிட்டயர்மெண்ட்டுக்கு எனக்குத் தந்தது ஒரு சுவர்க் கடிகாரம்" என்றார்.

திரும்பி வரும்போது 14-லேயே நின்றுவிட்டார். மீதிப் படியெல்லாம் நானும் கீழ்வீட்டுப் பையனும். பையன் அவரை 'தாதாஜி' என்றான். அதற்குக்கூடப் பதில் சொல்லத் தெம்பில்லை.

ஜனவரி 24

நடந்துவிட்டது. நான் செய்யவில்லை.

வெயிலைக் குவித்துக் கதவைத் திறந்து, குதிரையைப் பாலத்தின் தலைப்பில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கை வரவில்லை. கஞ்சி பொங்குகிறது என்று சொல்லி எழுந்தேன். பொங்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே குளம்புச் சத்தம்.

ஓடி வந்தால் கன்ட்ரோலர் அப்பா கையில். இரண்டு கட்டைவிரலாலும் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கிறார். "இதத் தட்டினா போவும்னு நீதானே சொன்ன." குதிரை பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கல் சரிய ஆரம்பித்தது.

அதற்கு மேல் யார் கையிலும் இல்லை. கடைசித் துண்டும் போகும்போது குதிரை பையனை முன்னால் வீசிவிட்டு, தான் மட்டும் கீழே போகிறது. ஆற்றில். பையன் விளிம்பில் மண்டியிட்டுப் பேரைக் கத்துகிறான்.

அப்பா கன்ட்ரோலரை மெதுவாக ரஜாய் மேல் வைத்தார். கஞ்சி கேட்டார். பாதி டம்ளர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "தேசிங்கு போனப்பவும் சங்கராபரணியில வெள்ளம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கால் போயிருக்குமா?"

"பின்னங்கால்."

வாயில் வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"அப்ப வருது" என்றார்.

"..."

"நொண்டினு வருது. இல்லாட்டி எந்தக் கால்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். பின்னாலிருந்து, "மத்ததையும் சொல்லு. அந்த டாக்டர் சொன்னது. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

சொன்னேன். ஒரு மணி வரை ஆனது. இடையில் இரண்டு கேள்விதான் கேட்டார், இரண்டும் பணத்தைப் பற்றி.

ஜனவரி 26

டிவியில் அணிவகுப்பு. குதிரைகள் வந்தபோது சத்தத்தைக் கூட்டச் சொன்னார். டாங்கிகள் வந்ததும் குறைக்கச் சொன்னார்.

பதினாறாவதை முடிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். எங்கியும் ஓடிடாது."

ஜனவரி 27

பெட் கிடைத்தது. 31. ஜன்னல் பக்கம். படி இறங்கும்போது எங்கேயும் நிற்கவில்லை. நானும் கீழ்வீட்டுப் பையனும் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். "மாப்ள ஊர்வலம்" என்றார்.

ஜனவரி 28

அக்கா வந்துவிட்டாள்.

ஜனவரி 29

ஆறு மணிக்கே ஆள் வந்தது. வாட்ச், பல்செட், கண்ணாடி என் சட்டைப் பையில். அரைஞாண் கயிற்றையும் எடுக்கணுமாம். முடிச்சு அவிழவில்லை, இறுகிப்போயிருந்தது. நர்ஸ் கத்தரி கொடுத்தார். என்னிடமே கொடுத்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், எனக்கு இடம் விட்டு.

தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் மட்டும் இழுத்தது. அவரும் கவனித்தார். "பின்னங்கால்" என்றார்.

9.40. போர்டில் பேர் பச்சையாக மாறவில்லை. அக்கா டீ வாங்க