ஹோம் தியேட்டர் கணினிக்கு எந்தச் செயற்கைக்கோள் டியூனர் அட்டை?

டிஷ் வழியே வரும் தொலைக்காட்சி சேனல்களைக் கணினியில் பார்க்கவும் பதிவு செய்யவும் உதவும் செயற்கைக்கோள் டியூனர் அட்டையை வாங்க முற்படும் பலர் முதலில் கேட்பது, எதில் படம் துல்லியமாக இருக்கும் என்பதைத்தான். இன்று அந்தக் கேள்விக்குப் பெரிதாகப் பொருளில்லை. எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட படத்தை அட்டையே விரித்துத் தொலைக்காட்சிக்கு நேராக அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அன்றைய செயலிகளுக்கு அந்த உதவி தேவைப்பட்டது. இப்போது அட்டை, டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து, அதிலுள்ள தரவோட்டத்தை அப்படியே கணினியிடம் ஒப்படைக்கிறது. அதை விரித்துப் படமாக்குவது கிராபிக்ஸ் சில்லின் பொறுப்பு. ஆகவே விலை கூடிய அட்டையில் படம் மேம்படும் என்று எதிர்பார்ப்பது வீண்.

2005-இல் வெளியான டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தை அட்டை ஆதரிக்க வேண்டும்; பழைய டிவிபி-எஸ் மட்டும் அறிந்த அட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பெரும்பாலான எச்டி சேனல்களுக்கு உதவாது.

அட்டையில் எத்தனை டியூனர் (அலைவரிசையைப் பிடிக்கும் பகுதி) வேண்டும் என்பதில்தான் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் இருந்து ஓர் அலைவரிசையில் சிக்னலை அனுப்பும் கருவி) பல சேனல்களைச் சுமந்து வருவதால், அதே டிரான்ஸ்பாண்டரில் உள்ள ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய ஒரு டியூனரே போதும். டிவிஹெட்எண்ட், விடிஆர் போன்ற பதிவு மென்பொருள்கள் இதைத் தாமாகவே கவனித்துக்கொள்கின்றன. இரண்டும் வெவ்வேறு டிரான்ஸ்பாண்டர்களில் இருந்தால் இரண்டாவது டியூனர் தேவை. அதோடு பெரும்பாலும் இரண்டாவது கேபிளும் தேவைப்படும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் யுனிவர்சல் எல்என்பி 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டுமே கேபிளில் இறக்குகிறது. எந்தப் பகுதி என்பதை டியூனர் அனுப்பும் 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தமும், 22 கிலோஹெர்ட்ஸ் தொனி இருக்கிறதா இல்லையா என்பதும் முடிவு செய்கின்றன. ஒரே கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் இரண்டாக்கினால், இரு டியூனர்களும் எதிரெதிரான கட்டளைகளை அனுப்பக்கூடும். புதிய கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் யுனிகேபிள் வகை எல்என்பியை நாடலாம்; அதன் முதல் தரமான ஈஎன் 50494, ஒரே கேபிளில் எட்டு டியூனர்கள் வரை இணைய இடமளிக்கிறது. ஆனால் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பதிவு மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், அட்டையின் தலைவிதியை நிர்ணயிப்பது டிரைவர்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் சேர்க்கப்பட்டுள்ள அட்டைக்கு, அதிகபட்சம் ஒரு ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கோப்பை உரிய இடத்தில் வைத்தால் போதும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து தனியாக இறக்கிக் கட்டமைக்க வேண்டிய டிரைவரோ, கெர்னல் மாறும்போதெல்லாம் மீண்டும் கட்டமைக்கப்பட வேண்டும். தயாரிப்பாளர் ஆர்வம் இழந்த நாளோடு அட்டையின் ஆயுளும் முடிந்துவிடும். அதே பெயரில், உள்ளே வேறு சில்லுடன் புதிய பதிப்பை வெளியிடும் வழக்கமும் இத்துறையில் உண்டு (எரிச்சலூட்டும் வழக்கம்). எனவே மாடல் பெயரோடு நிற்காமல் பதிப்பு எண்ணையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விண்டோஸில் இயங்குகிறவர்கள், விண்டோஸ் 10 முதல், தொலைக்காட்சி பார்க்கவும் பதிவு செய்யவும் உதவிய மீடியா சென்டர் இல்லை என்பதால், பதிவுக்கான மென்பொருளையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வெளியே யூஎஸ்பியில் செருகும் பெட்டியா, கணினிக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையா என்பதில் வேகம் ஒரு பொருட்டல்ல; ஒரு டிரான்ஸ்பாண்டரின் தரவோட்டம் பொதுவாக வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கும் குறைவு. ஆனால் எல்என்பிக்கும் டிஷ் கேபிள் வழியே மின்சாரம் போக வேண்டும், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதோ 2.5 வாட் மட்டுமே. அதனால் யூஎஸ்பி பெட்டிகளுக்குப் பெரும்பாலும் தனி அடாப்டர் வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிக்குக் கீழே இன்னொரு வயர் தொங்குவதை நான் விரும்புவதில்லை என்பதால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கமே சாய்கிறேன். ஒல்லியான கேபினட் என்றால் லோ புரொஃபைல் பிராக்கெட் (குட்டையான பின்தகடு) உடன் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும், திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள், கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பிப் பாருங்கள். உறக்கத்திலிருந்து எழுந்ததும் டியூனரைக் காணாமல் திணறும் டிரைவர்கள் இருக்கின்றன. குறித்த நேரத்தில் விழித்துப் பதிவு செய்ய வேண்டிய கணினிக்கு அப்படிப்பட்ட அட்டை பயன்படாது.