ஸ்டேட்டின்: ஆரம்பிக்கும் முன் போட வேண்டிய கணக்கும், கால் வலி வந்தால் செய்ய வேண்டிய சோதனையும்

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்துகளில் ஒன்றான ‘அட்டோர்வாஸ்டேட்டின் 20’-ஐ மருந்துச் சீட்டில் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாதாமே?” அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. “எனக்கு இதனால் எவ்வளவு லாபம்?” இதற்கு எண்ணாகப் பதில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தவர், வலி வந்தாலும் மருத்துவரிடம் போய் நிற்பார். அந்தப் பதில் இல்லாமல் ஆரம்பித்தவர் மூன்றாம் மாதம் கெண்டைக்கால் வலித்ததும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார். பக்கவிளைவைவிட இந்தச் சத்தமில்லாத நிறுத்தம்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது.

சிலருக்குக் கணக்கே தேவையில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ரத்தக் குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் இந்தப் பக்கம். இதய நோயாளிகள் 4,444 பேரிடம் சிம்வாஸ்டேட்டினைச் சோதித்த ஸ்காண்டிநேவிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள். ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 8 பேர். ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 190 மி.கி.-யோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கும் கணக்கு தேவைப்படாது. பரம்பரையாக வரும் கொழுப்புக் கோளாறு அவர்களில் பலருக்கு இருக்கும், ரத்தக் குழாய் சிறு வயதிலிருந்தே அடி வாங்கிக்கொண்டிருக்கும். 40 முதல் 75 வயதுக்குள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நடுத்தர அளவில் ஸ்டேட்டின் கொடுப்பதே வழக்கம்.

மற்றவர்களுக்குத்தான் பேனாவும் தாளும் வேண்டும். வயது, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், மொத்தக் கொழுப்பு, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். ஆகியவற்றை வைத்து அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் கணித்துச் சொல்ல முடியும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிறகு இந்த அளவுகோலை வையுங்கள்: எல்.டி.எல். 39 மி.கி. குறைந்தால் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பல பெரிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கிடைத்த கணக்கு இது.

உங்கள் எல்.டி.எல். 130, மாத்திரையில் அது 91-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து 20 சதவீதமாக இருந்தால் 16 ஆகும். உங்களைப் போன்ற நூறு பேரில் 4 பேர் பத்து ஆண்டில் தப்பிப்பார்கள். ஆபத்து 5 சதவீதம்தான் என்றால் 4 ஆகும், நூறில் ஒருவர். மாத்திரை ஒன்றுதான், விகிதமும் ஒன்றுதான், லாபம் நான்கு மடங்கு வித்தியாசப்படுகிறது. ‘20 சதவீதம் குறைக்கும்’ என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். எடுத்த முதல் ஆண்டில் பலன் குறைவாகவும், அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகவும் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நிற்பவர்களுக்குக் கை கொடுப்பது இதயக் குழாயின் சுண்ணாம்புப் படிவைக் காட்டும் சி.டி. ஸ்கேன். படிவு பூஜ்யம் என்று வந்து, புகையும் சர்க்கரை நோயும் இல்லை, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்ததில்லை என்றால், மருத்துவரிடம் பேசி மாத்திரையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

எடுப்பது என்று முடிவானதும், முதல் மாத்திரைக்கு முன்னால் ரத்தத்தில் கொழுப்பு விவரம், கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., மூன்று மாத சர்க்கரை சராசரி, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்.டி.எல். தானாகவே ஏறும், தசையும் வலிக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டேட்டின் ஆரம்பித்தால் பழி மாத்திரை மேல் விழும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்; அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஸ்டேட்டின் தருவதில்லை.

யாரும் சொல்லித்தராத ஒரு வேலை இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முந்தைய இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், உடம்பில் எங்கெங்கே வலி என்று குறித்துவையுங்கள். ‘செவ்வாய், இரவு 9. வலது தோள் 3, இடுப்பு 4, தொடை 0.’ பத்துக்கு எத்தனை என்று போட்டால் போதும். நடுவயது தாண்டியவர் உடம்பில் வலி என்பது ஏற்கெனவே குடியிருப்பதுதான். மாத்திரை உள்ளே போனதும் கவனம் முழுக்க அங்கே திரும்பி, பழைய வலியும் புதிதாகத் தெரியும். மூன்று மாதம் கழித்து இந்த இரண்டு பக்கக் குறிப்பு தரும் தெளிவை எந்த ரத்தப் பரிசோதனையும் தராது.

அளவைப் பற்றிப் பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு: இரட்டிப்பாக்கினால் பலனும் இரட்டிக்கும் என்று. இல்லை. அளவை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். பெரும் பலன் முதல் அளவிலேயே கிடைத்துவிடுகிறது. அட்டோர்வாஸ்டேட்டின் 10 – 20, ரோசுவாஸ்டேட்டின் 5 – 10 மி.கி. என்றால் எல்.டி.எல். 30 முதல் 49 சதவீதம் இறங்கும். அட்டோர்வா 40 – 80, ரோசுவா 20 – 40 என்றால் பாதியும் அதற்கு மேலும். ஆசிய வம்சாவளியினர் ரத்தத்தில் ரோசுவாவின் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். அதனால் அவர்களுக்கு 5 மி.கி.-யில் ஆரம்பிக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. சிம்வாஸ்டேட்டின் உடலில் சீக்கிரம் கரைந்துவிடுவதால் இரவில் எடுக்க வேண்டும். அட்டோர்வாவும் ரோசுவாவும் நாள் முழுக்கத் தங்கும், மறக்காத நேரம் எதுவோ அதுவே சரியான நேரம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

பக்கவிளைவு நிஜமாகவே ஆபத்தாக மாறும் இடம் பெரும்பாலும் வேறு மருந்தோடு சேரும்போதுதான். சிம்வா, அட்டோர்வா இரண்டையும் உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைச் சில மருந்துகள் முடக்கிவிடும்: கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், நிறையக் குடித்தால் கிரேப்ஃப்ரூட் சாறும். அப்போது 20 மி.கி. மாத்திரை உடலில் பல மடங்காக நின்று தசையைத் தாக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்கள் சிம்வாவில் 20 மி.கி.-யைத் தாண்டக் கூடாது. இன்னொரு கொழுப்பு மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலோடு ஸ்டேட்டின் சேர்ப்பதே வேண்டாம். செரிவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் 2001-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதில் இந்தக் கூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சளி, காய்ச்சல் என்று வேறு மருத்துவரிடம் போனாலும் ‘ஸ்டேட்டின் எடுக்கிறேன்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

நான்கிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி கொழுப்புப் பரிசோதனை. எத்தனை சதவீதம் இறங்கியது என்பதுதான் பார்க்க வேண்டியது. துளியும் இறங்கவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். இயல்பின் மேல் வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டி, மறுபரிசோதனையிலும் அப்படியே நின்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார்.

இனி வலி. ஸ்டேட்டின் தரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். ஆரம்பித்த அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில், மாதங்களில் வரும். ஒரு முழங்கால் மட்டும் வலிப்பது, இடுப்பிலிருந்து கால் வரை சுரீரென்று இழுப்பது, பாதம் மரத்துப்போவது எல்லாம் வேறு கதை. 2022-இல் வெளியான பெரிய திரட்டாய்வில், ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசை வலி. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், ஆனால் பத்தில் ஒன்பதுக்கு மேல் காரணம் மாத்திரையில்லை. லண்டனில் ஏற்கெனவே ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாமல் விட்ட 60 பேரை வைத்து நடந்த சோதனை இதைவிடக் கூர்மையானது. நான்கு மாதம் ஸ்டேட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமில்லை, வரிசை மாற்றி மாற்றி. ஸ்டேட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது.

உங்கள் வலி எந்த வகை என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம், மருத்துவரின் துணையோடு. முதலில் ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே., டி.எஸ்.எச்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின். சி.பி.கே.-க்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். பளு தூக்கினாலே அது ஏறிவிடும். இயல்பைப்போல பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். அவ்வளவு ஏறாமல் வலி மட்டும் இருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு இரண்டிலிருந்து நான்கு வாரம் இடைவெளி. பழைய குறிப்பேட்டை மறுபடி எடுத்து அதே நேரத்தில் மதிப்பெண் போடுங்கள். வலி போகவே இல்லை என்றால் மாத்திரை நிரபராதி. போய்விட்டால் மறுபடி ஆரம்பித்துப் பாருங்கள். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். திரும்ப வந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி. அப்போதும் கதவு மூடவில்லை: குறைந்த அளவு, வேறு ஸ்டேட்டின், அல்லது ரோசுவா 5 மி.கி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இந்த இடைவெளிச் சோதனையைத் தாமாகச் செய்யவே கூடாது.

சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், கை கால் துவண்டால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அந்த நிலை பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குக்கூட வருவதில்லை, ஆனால் வந்தால் மணிக்கணக்கு முக்கியம். மாத்திரையை நிறுத்திய பிறகும் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், தலைக்கு மேல் கை தூக்க முடியாமல் பலவீனம் கூடிக்கொண்டே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் அரிய நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை விஷயத்தில் குற்றச்சாட்டு உண்மை. 255 பேர் நான்கு ஆண்டு எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருந்தவருக்கு, அதிக அளவில் எடுப்பவருக்கு. ஆபத்து 20 சதவீதம் உள்ளவர் இதை ஏற்றுக்கொள்ளலாம். 5 சதவீதக்காரர் எடை, நடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு முடிவெடுப்பது நியாயம்தான்.

எந்த ஸ்டேட்டினும் ஒத்துவரவில்லையா? எசெட்டிமிப் 10 மி.கி. எல்.டி.எல்.-ஐ 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கும். பெம்பெடோயிக் அமிலம் கல்லீரலில் மட்டுமே செயல்படத் தொடங்குவதால் தசையைத் தொடுவது குறைவு. ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாத 13,970 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் பெரிய இதய நிகழ்வுகள் 13 சதவீதம் குறைந்தன. யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் மூட்டுவாதக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆபத்து மிக அதிகமானவர்களுக்கு எல்.டி.எல்.-ஐப் பாதிக்கும் மேல் குறைக்கும் ஊசிகளும் வந்திருக்கின்றன.

முதல் கேள்விக்கு வருவோம். ஸ்டேட்டினுக்கு உடல் அடிமையாவதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடியும். நிறுத்தினால் எல்.டி.எல். சில வாரங்களில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் நிறுத்திய தேதியைக் குறித்து மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.