ராகி காயும் சாலையில் ஓட்டுநரில்லா வண்டி

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில், தானாக ஓடும் கார்களுக்கான கேமராப் பதிவுகளை ஆராயும் குழுவில் பணிபுரிகிறேன். ஓட்டுநரில்லா வண்டியைச் சிற்றூர் மக்கள் எப்போது ஏற்றுக்கொள்வார்கள் என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும். மக்களின் அச்சம் தெளிந்தால் போதும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் பக்கம் பதிவுப் பயணங்கள் சென்றுவந்த பிறகு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறுவடைக் காலத்தில் ஆனேக்கலிலிருந்து தமிழ்நாட்டுத் தளிக்குப் போகும் சாலையில் ராகிக் கதிர்களைத் தாளோடு பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிர வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. எங்கள் சோதனை வண்டியின் மென்பொருள் அதைத் தடையெனக் கணித்துப் பிரேக் போட, பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர் கண்ணாடியருகே வந்து, "ஏன் சாமி நிறுத்திட்டீங்க? மேலயே ஏத்திட்டுப் போங்க" என்றார். ஆளில்லாமல் ஓடப்போகும் வண்டிக்கான சோதனை இது என்று எங்கள் ஓட்டுநர் அண்ணன் விளக்கியதும், அவர் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி பஸ் நின்னப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வருமா?"

இருசக்கர வண்டிகள் வழுக்கி விழுவதால் சாலையில் கதிர் பரப்புவதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் அந்தச் சாலை அவர்களுக்குக் களமாகவும் இருக்கிறது என்பதை அறியாத வண்டியை அவர்கள் எப்படி நம்புவார்கள்? ஹைதராபாத் ஐஐஐடி என்னும் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், இத்தகைய மென்பொருளுக்குச் சாலையை அடையாளம் காணக் கற்பிக்க 2018-இல் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்பில், 10,000 படங்களில் ஆட்டோ, விலங்கு ஆகியவற்றோடு, தார்ச்சாலையாக இல்லாவிட்டாலும் தேவைப்பட்டால் வண்டியை இறக்கி ஓட்டக்கூடிய மண் ஓரத்துக்கும் தனிப் பிரிவு ஒதுக்கியிருந்தார்கள். நம் சாலையை உள்ளபடி பார்த்தவர்களின் வேலை அது.

வண்டி ஊருக்கு உதவுமா என்ற அந்தப் பெரியவரின் கேள்வியைத்தான் வெளிநாட்டு அனுபவமும் வலுப்படுத்துகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் அருகிலுள்ள சாண்ட்லரில் 2018-இல் சோதனைக் கார்கள் மீது கல்லெறிந்தார்கள், டயரைக் கிழித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பக்கத்து டெம்பியில் அத்தகைய கார் மோதிச் சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்திருந்தார். ஜப்பானின் சகாய் என்னும் சிற்றூரிலோ 2020 நவம்பர் முதல் தானியங்கிப் பேருந்து ஊர் மக்களின் அன்றாடப் போக்குவரத்தாக ஓடுகிறது. அந்நாட்டின் எய்ஹெய்ஜியில், பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்த பாதையில் 2023 மே மாதம் ஓட்டுநரின்றி ஓடத் தொடங்கிய வண்டியின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்தான். அக்டோபரில் அது நிறுத்திவைத்த சைக்கிளில் உரசியபோது சேவையை நிறுத்திக் காரணம் ஆராய்ந்து, 2024-இல் மீண்டும் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் கிராண்ட் ரேபிட்ஸில் 2022 முதல் ஓடிய வேன்களில் சக்கர நாற்காலியோடு ஏறவும் வசதி இருந்தது. உள்ளே பணியாளர் ஒருவரும் இருந்தார்.

வேலைவாய்ப்பைப் பற்றிய கவலையும் நியாயமானது. ஓட்டுநர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதால் இத்தகைய கார்களை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பலமுறை சொல்லியிருக்கிறார். கோலார், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து பெங்களூருவில் கார் ஓட்டியே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்த வருமானம் போய்விடும் என்று தெரிந்தால் எந்த ஊர் இந்த வண்டியை வரவேற்கும்?

அதனால் எங்கள் குழுவில் நான் தொடர்ந்து வலியுறுத்துவது இதுதான்: எங்கும் ஓடும் காரை விட்டுவிட்டு, பேருந்து நின்றபின் ஆனேக்கல் மருத்துவமனைக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் இடையே ஒரே தடத்தில் மெதுவாக ஓடும் சிறு வேனை முதலில் உருவாக்குவோம்; அதில் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரையே சம்பளத்துக்கு உதவியாளராக அமர்த்தி, ஏதேனும் நேர்ந்தால் ஊர்க்காரர்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணை அந்த வேனின் கதவிலேயே கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைப்போம்.