வெயிலில் காய்ந்த பெட்டி மழையைக் குடித்த கதை

பெரியப்பாவின் தோட்டக் கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டரைத் தானாக நிறுத்தும் சாதனம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். சேர்க்கிட் வேலை இரண்டு வார இறுதியில் முடிந்தது. அதை வைக்கும் பெட்டிதான் ஐந்து மாதம் என் உயிரை வாங்கியது.

பெட்டியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மூடியில் ஐபி 67 என்று ஸ்டிக்கர். ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதல் வரும் அளவுக்குத் தண்ணீர் போகாது என்று அர்த்தம். ஆனால் வயருக்காக நாம் துளை போட்டதோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நம் துளை எவ்வளவு நல்லதோ பெட்டியும் அவ்வளவுதான். எனக்கு இது பிறகுதான் விளங்கியது.

நான் விட்டது தட்டையான இரட்டை வயர். துளையில் கேபிளை இறுக்கித் தண்ணீரை மறிக்கும் திருகுமூடிதான் கிளாண்ட்; பிஜி 7 என்ற அளவுக் கிளாண்ட் 3 முதல் 6.5 மில்லிமீற்றர் வரையான உருண்டைக் கேபிளைத்தான் இறுக்கிப் பிடிக்கும். தட்டை வயரின் இரு பக்கமும் இடைவெளி தெரிந்தது. சிலிக்கோன் வாங்கப் போன கடையில், "எல்லாச் சிலிக்கோனும் ஒண்டுதான் தம்பி, இதைக் கொண்டு போங்கோ" என்றார்கள். பூசும்போது வினாகிரி மணம். அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சேர்க்கிட் போர்டின் செம்புக் கோடுகள் பச்சை பிடித்துக் கிடந்தன. அந்த வகைச் சிலிக்கோன் இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? முதல் போர்ட் போனது. வினாகிரி மணக்காத, 'நியூட்ரல்' என்று போட்ட ரியூப் கிடைக்க நான்கு கடை ஏறி இறங்கினேன்.

உருண்டைக் கேபிள், புது சிலிக்கோன், புது போர்ட். ஓர் இரவு முழுக்க வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தேன். துளி ஈரமில்லை. பெருமையோடு கிணற்றுக்கட்டில் பூட்டினேன்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வரை மண்டை பிளக்கிற வெயில், பின்னேரம் இடியோடு மழை. அடுத்த நாள் விடிய பெரியப்பா போன் எடுத்தார்: "தம்பி, உன்ரை பெட்டி செத்துப்போச்சு." போய் மூடி ஆணியைத் தளர்த்தியதும் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர்.

அந்த 'ஸ்ஸ்'தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. கறுப்புப் பெட்டி வெயிலில் 60 பாகை வரை சூடாகிறது என்று வையுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, கிளாண்ட் இடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மழை அடித்து 28 பாகைக்குக் குளிரும்போது மிச்சக் காற்றின் அமுக்கம் கிட்டத்தட்டப் பத்திலொரு பங்கு குறையும். ஒரு மீற்றர் தண்ணீர் நிற்கும் அமுக்கத்துக்கு அது சமன். பெட்டியே ஸ்ட்ரோ வைத்து மழையை உறிஞ்சிக் குடித்திருக்கிறது! ஐபி 67 சோதனையிலோ தண்ணீருக்கும் பெட்டிக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. என் வாளிச் சோதனையும் அதே குளிர்ந்த பொய்தான்.

இதற்கு மருந்து இன்னும் இறுக்குவதில்லை, மூச்சு விட வைப்பது. காற்றை விட்டுத் தண்ணீரை மறிக்கும் மென்சவ்வு வைத்த சிறிய வென்ற் பிளக் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். பார்சல் எடுக்க இரண்டு தரம் அலைய வேண்டியிருந்தது. முதல் தரம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். "தண்ணீர் போகாத ஓட்டை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அலுவலர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பிளக்கைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பூட்டுங்கள், சவ்வில் சிலிக்கோன் படவே கூடாது. கேபிளும் கீழிருந்து, ஒரு வளைவு தொங்கிய பிறகே ஏறட்டும். கசிவு பார்ப்பதென்றால், பிளக்கை ஒட்டு ரேப்பால் மூடிவிட்டு, குளிர்ந்த வெறும் பெட்டியைச் சுடுதண்ணீருக்குள் அமுக்குங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. என்னுடையதில் இடது கிளாண்ட்டிலிருந்து மணிமணியாக வந்தது. அதைச் சரிசெய்த பிறகு ரேப்பை உரித்துவிட்டு, மைப்பேனாவால் புள்ளி வைத்த ரிசுத் தாள் ஒன்றை உள்ளே போட்டு மத்தியானம் வரை வெயிலில் காயவிட்டேன். சூட்டோடு கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன். மை ஊறவில்லை. கத்தவேண்டும் போல இருந்தது.

மாரி முழுக்க நின்றுபிடித்துவிட்டது. இடையில் பெரியப்பா பெட்டிக்கு மேலே ஒரு பனையோலையைச் செருகிவிட்டார், பெட்டி முன்போல் சுடுவதில்லை. அந்த ஓலையால்தான் எல்லாம் சரிவந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். முழுக்க மறுக்கவும் முடியவில்லை.