புகைக்கு அஞ்சுவோரும் தூசியை மறப்போரும்

நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வரும் வார்ப்புத் தொழிலாளர்கள் பெரும்பாலும் புகையைக் குற்றம் சொல்லிக்கொண்டே வருவார்கள். உலோகத்தை உருக்கும் கலமான மூசையில் பித்தளை உருகும்போது எழும் வெண்புகை கண்ணுக்குத் தெரிகிறது, தொண்டையைக் கமறச் செய்கிறது. ஆகவே அந்த ஐயம் இயல்பானதே. பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் அதன் ஆவி வெளியேறி ஆக்சைடாக மாறுகிறது. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்து, ஓரிரு நாளில் தாமாகவே தணியும். விடுமுறை கழித்து உலைக்குத் திரும்பும் நாளில் இது கடுமையாக இருக்கும். பிறகு உடல் சற்றுப் பழகிக்கொள்ளும்.

நான் அதிகம் கவலைப்படுவது உலை அணைந்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றித்தான். வார்ப்பு ஆறியதும் சுட்ட மண் அச்சை உடைத்து, ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டி, தரையைப் பெருக்கும்போது எழும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அதன் மிக நுண்ணிய துகள்கள், முகத்தில் கட்டிய துணியைத் தாண்டி நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. இந்த வேலையைப் பெரும்பாலும் தொழில் பழகும் இளைஞர்களிடமோ வீட்டுப் பெண்களிடமோ விட்டுவிடுகிறார்கள். அதனால் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால், உலோகத்தையே தொடாத அந்தப் பெண் "வீட்டு வேலை" என்றுதான் சொல்வார். அச்சை உடைப்பது யார், பெருக்குவது யார், அப்போது கதவு திறந்திருக்குமா என்று படிப்படியாகக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

இந்தக் கேள்விகள் விடுபட்டால் எக்ஸ்ரே படமும் நம்மை ஏமாற்றக்கூடும். சிலிக்காத் தூசி உண்டாக்கும் இந்தத் தழும்பு நோயான சிலிக்கோசிஸ், காசநோய் இரண்டுமே நுரையீரலின் மேற்பகுதியில் நிழல்களைக் காட்டுகின்றன. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றுவதும் உண்டு. எனவே ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடுவது எனக்கு ஏற்புடையதன்று. சளியில் கிருமி தென்படாத நிலையிலும் ஒருவர் மீண்டும் மீண்டும் காசநோய் மருந்து உட்கொண்டிருந்தால், அவரது தொழில் வரலாற்றை முதலிலிருந்தே விசாரிப்பேன்.

உலோகத் துண்டுகளைப் பற்றவைத்து இணைப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இணைப்பதற்காக உருக்கும் பற்றாசில் காட்மியம் என்ற உலோகம் கலந்திருந்தால், அதன் புகையால் வரும் காய்ச்சலும் முதலில் துத்தநாகக் காய்ச்சலைப் போலவே தோன்றும். ஆனால் அது தணியாமல், நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். மறுநாளும் மூச்சுத்திணறல் இருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

சிலிக்கோசிஸ், தொழிலைக் கைவிட்ட பின்னரும் முற்றக்கூடியது. அதைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆகவே தூசியைக் கிளம்பவிடாமல் தடுப்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன். அச்சை நனைத்து உடைக்கச் சொன்னால், சூட்டில் நீர் பட்டால் வார்ப்பு விரிசல் விடும் என்று மறுப்பார்கள். அது நியாயமான மறுப்பு என்பதால், முழுதும் ஆறிய பிறகு நனைத்தால் போதும் என்பேன். ஈரத்துணியால் தரையைத் துடைப்பதற்கு அவர்கள் தடை சொல்வதில்லை. சாணையிலும் மெருகேற்றும் சக்கரத்திலும் பறக்கும் தூசிக்கோ, அதை எழும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் உறிஞ்சுவிசிறி தேவைப்படுகிறது. அந்தச் செலவை ஒரு சிறு பட்டறை தனியாகத் தாங்கும் என்று நான் நம்பவில்லை.