குன்றுதானே என்று வருகிறவர்கள்

மதுரையில் மலை நடை வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கொடைக்கானல்; அதை விட்டால் மேகமலை. அங்கெல்லாமும் ஆட்களை அழைத்துச் சென்றிருக்கிறேன் என்றாலும், என் பிழைப்பின் பெரும்பகுதி ஊரிலிருந்து சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மலைகளில்தான் நடக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலை, ஒத்தக்கடை யானைமலை, மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி வழியாக ஏறும் அழகர்மலைச் சரிவு, வாடிப்பட்டியை அடுத்த குட்லாடம்பட்டி ஆகியவையே நான் மாற்றி மாற்றிப் போகும் இடங்கள். சிறுமலையும் அழகர்மலையும் சேர்ந்த காடுகளை ஒதுக்கிவிட்டால், மற்றவை பார்த்தவுடன் யாரையும் மலைக்க வைக்கும் உயரம் கொண்டவை அல்ல. வழிகாட்டியின் வேலை இங்கே கடினமாவதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். ஏறக்குறைய 8,000 அடி உயரத்திலிருக்கும் கொழுக்குமலைக்குக் குரங்கணியிலிருந்து ஏற வருகிறவர், நல்ல காலணி வாங்கி, பத்து நாளாவது நடந்து பழகி, மனத்தில் கொஞ்சம் அச்சத்தோடு வருகிறார். சமணர் மலைக்கு வருகிறவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலோடு, “காலையில் பத்து மணிக்கு வந்தால் போதுமா?” என்று கேட்கிறார்.

பத்து மணி என்பது நாங்கள் கீழே இறங்கி, அடிவாரத்து அய்யனார் கோயில் ஆலமரத்து நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டிய நேரம். இந்தக் குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். ஏறுகிற வழியில் மரம் என்று சொல்ல ஏதும் இருப்பதில்லை. பங்குனி, சித்திரையில் எட்டரை மணியைத் தாண்டினால் வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, பாறையிலிருந்தும் எழும்பி முகத்தில் அறைகிறது. ஆகவே கோடைக்காலத்தில் ஐந்தரை மணிக்கே நடையைத் தொடங்கிவிடுகிறேன். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பதை முன்பே சொல்லிவிடுவதால் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. வெயில் தாக்கியவரைக் கண்டுபிடிப்பதும் அத்தனை எளிதன்று. தலை சுற்றுகிறது என்று அவரே வாய்விட்டுச் சொல்வதற்குள் காலம் கடந்திருக்கும். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவார், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், சமதளத்திலேயே கால் தடுக்கும். அந்த இடத்திலேயே நடையை நிறுத்தி, நிழலுக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்து, பிடரியை நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். உச்சி இன்னும் இருபதடி தூரத்தில் இருந்தாலும் அவருக்கு அன்றைய நடை அங்கேயே முடிந்தது. இதில் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை.

பாறையில் நடக்கத் தெரிவது தனிக்கலை. யானைமலையிலோ அரிட்டாபட்டிக் குன்றுகளிலோ சரிவைத் தள்ளி நின்று பார்த்தால், மேலிருந்து கீழாகக் கரிய கோடுகள் ஓடுவது தெரியும். மழைநீர் வழக்கமாக வழிந்து இறங்கும் தடங்கள் அவை. ஈரத்தில் வளரும் நுண்ணிய பாசி காய்ந்து கறுத்துப் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதன் மேல் கால் வைத்தால் சொரசொரப்பாகவே இருக்கும். நாலு தூறல் விழுந்துவிட்டால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். ஆகவே வானம் எப்படி இருந்தாலும் கறுத்த கோட்டைத் தவிர்த்து வெளிறிய பாறையிலேயே ஏறப் பழக்குகிறேன். அடுத்தது பொக்குப் பாறை. பகலில் சுட்டும் இரவில் குளிர்ந்தும் காலங்காலமாக விரிந்து சுருங்கும் இந்தப் பாறைகள் வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிகின்றன. உரிந்த பலகை அடிப்பாறையை விட்டுப் பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். கைத்தடியால் தட்டினால் கெட்டிப் பாறை ‘ணங்’ என்று ஒலிக்கும், பிரிந்த பலகை ‘டொக் டொக்’ என்று வெற்றுப் பானை ஒலி எழுப்பும். குழுவில் உள்ள சிறுவர்களின் கையில் தடியைக் கொடுத்து இதைத் தட்டிப் பார்க்கச் சொன்னால், அதன் பிறகு அவர்கள் அந்த நடை முழுவதும் பாறையைக் கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். பெரியவர்கள் செல்பேசியை எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஒலி படத்தில் விழாது என்பதை நானும் சொல்வதில்லை.

விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஏறும்போது முகம் பாறையைப் பார்த்திருக்கிறது, மூச்சு வாங்குவதால் வேகமும் குறைவாக இருக்கிறது. இறங்கும்போது முழங்கால் தளர்ந்திருக்கும், மனம் இட்லிக்கடைக்குப் போயிருக்கும், காலுக்கடியில் கடுகளவு சரளை உருளும். முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னைப் பழக்கிய மூத்தவர் இறக்கத்தில் முன்னால் போகவே மாட்டார். வழி தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரை முன்னால் அனுப்பிவிட்டு, குழுவிலேயே மெதுவாக நடப்பவரோடு ஊர்க்கதை பேசியபடி கடைசியில் வருவார். அந்த மெது நடைக்காரருக்குத் தாம் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணமே வராதபடி அவருடைய பேச்சு இருக்கும். நானும் அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டேன். பின்தங்கியவர் வெட்கப்பட்டு அவசரப்படுவதைப் போன்ற ஆபத்து இறக்கத்தில் வேறில்லை.

தேனீக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்குத்தான பாறை முகங்களின் இடுக்குகளில் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். கீழிருந்து பார்த்தால் பாறையில் ஒட்டிய கறுப்புத் திட்டு என்றே தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால் அந்தத் திட்டின் மேல் அலை ஓடுவது தெரியும். அடை இருக்கும் பக்கத்தில் புகை, உரத்த கூச்சல், கல்லெறிதல் எதுவும் கூடாது. வாசனைத் திரவியம் பூசி வந்தவர்களை அந்தப் பக்கம் அழைத்துச் செல்வதில்லை. ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவில் நடையில் என்ன இன்பம் இருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் குன்றுகளில் இளைப்பாறும் இடங்களை எங்களுக்கு முன்பே சமண முனிவர்கள் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார்கள். கற்படுக்கை வெட்டப்பட்ட குகைத்தளம் எதுவாக இருந்தாலும் அங்கே வெயில் நேரே விழாது, காற்று வரும், பக்கத்தில் ஒரு சுனை இருக்கும். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் குகையின் நெற்றியில் புருவம் போலக் காடி வெட்டியிருப்பார்கள். அந்தக் காடிக்கு அருகில்தான் பல இடங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. நான் வரலாறு படித்தவன் அல்லன். தொல்லியல் அறிஞர்களின் நூல்களைப் படித்தும், மதுரையில் ‘பசுமை நடை’ நண்பர்கள் நடத்தும் நடைகளில் பின்னால் நின்று கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறேன். கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் படுக்கைகளுக்குக் கொடையளித்தவர்களாக மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லரும், உப்பு வணிகர், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகர், அறுவை (துணி) வணிகர் போன்றோரும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் மன்னனை எதிர்பார்த்து நிற்பவர்களிடம் உப்பு விற்றவர் பெயரைக் காட்டும்போது குழு அமைதியாகிவிடுகிறது. ஒருமுறை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் ஒருவர், துணி வியாபாரி பெயர் இருக்கும் இடத்தை மறுபடி காட்டச் சொல்லி, வெகுநேரம் அதன் கீழேயே நின்றார்.

யானைமலையை விரும்பிக் கேட்பவர்கள் அதிகம். ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ஒரே பாறை, மேலூர்ச் சாலையில் போகும் எவர் கண்ணிலும் படாமல் தப்பாது. ஆனால் அங்கே ஏற்றத்தைவிட அடிவாரத்தைச் சுற்றி நடப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நரசிங்கத்தில் பாண்டியர் காலத்தில், 770-இல் எழுந்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும், அடுத்து லாடன் கோயிலும், சமணச் சிற்பங்களும் அந்த வழியிலேயே கிடைக்கின்றன. நடந்த களைப்பும் உண்டு, முதுகெலும்பு முறியும் ஆபத்தும் இல்லை.

ஊர்க்காரர்களின் சொல்லைக் கேட்பது இந்தத் தொழிலில் பாதி. அரிட்டாபட்டியில் மழை பெய்த மறுநாள் ஒரு குழுவை வழக்கமான தடத்தில் அழைத்துப் போக நின்றபோது, ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், “ஏந்தம்பி, இவுகளப் பூராம் இந்தப் பக்கமா ஏத்துறீக? ஆடே சுத்திப் போவுது பாருங்க” என்றார். ஆடுகளின் பின்னாலேயே போனோம். தமிழ்நாட்டில் முதலாவதாகப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறு வகைகளைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் ரத்தானது. அதற்குப் பிறகு, போராட்டம் நடந்த ஊர் எது என்று பார்க்கவே வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வந்தவர்கள் கண்மாய்க் கரையில் நெகிழிக் குப்பையைப் போட்டால், அதை நான் பொறுக்கி எடுக்கும்வரை ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பயப்படுகிறேன்.

காட்டுக்குள் போகும் நடைகளின் கதை வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது எங்கள் தொழிலையே இரண்டாகப் பிரித்தது. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ, காற்றின் போக்கில் மேல்நோக்கி மனிதன் ஓட முடியாத வேகத்தில் ஏறும் என்பது மலையடிவாரத்துக் கிழவிகளுக்கும் தெரிந்த செய்தி. அன்றுவரை வழிகாட்டிகள் பலர் அதைத் தொழில் அறிவாகக் கருதவில்லை. அதே ஆண்டில் மலையேற்றத்துக்கான அரசு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 வழித்தடங்களோடு தொடங்கி, இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. தீப் பருவத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். என்னைப் போன்ற தனி ஆட்களுக்கு இதனால் வருமானம் குறைந்தது உண்மை. இருந்தாலும், மாசி வெயிலில் புல் சரிவில் யாரையும் நடத்திச் செல்லும் சம்பளம் எனக்கு வேண்டாம்.

காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கும் மொட்டைக் குன்றுகளுக்கு, ஒரு வழிகாட்டிக்கு இத்தனை பேர்தான் என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு நடைமுறையில் இல்லாததுதான் இப்போதைய தொல்லை. வார இறுதிச் சுற்றுலா நடத்தும் நிறுவனம் ஒன்று, பேருந்து நிறைய ஆட்களை ஏற்றி அனுப்பி, ஒரே வழிகாட்டி போதும், குன்றுதானே என்றது. கூடுதலாக ஓர் ஆளுக்கான கூலி அவர்களுக்கு இரண்டு பேரின் காலைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் வராது. மறுத்தேன், அந்த நிறுவனம் அதன் பிறகு என்னை அழைக்கவில்லை. இப்போது பன்னிரண்டு பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் நாள் குறிக்கிறேன். பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரைவிட ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தருகிறேன். எதற்கு என்று முன்னால் போகிற பையன் கேட்டான். அடுத்த வாரம் அவனையே பின்னால் வரச் சொல்லியிருக்கிறேன்.